மட்டமான பேய்கள்

செப்டம்பர் 5, செவ்வாய்

குமட்டுகிறது. காலையில் ஜங்ஷன் பக்கம் ஓட்டல் சோதனை. ஒன்றில் சட்னி அரைக்கும் கிரைண்டருக்குள் பல்லி வால். "கறிவேப்பிலைக் காம்பு ஸார்" என்று முதலாளி சாதித்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்குக் காம்பு எது, வால் எது என்று தெரியாதா? பூட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் குமட்டல் அதனால் இல்லை. மத்தியானம் அக்காவோடு உட்கார்ந்து பார்க்க நேர்ந்த படத்தால்.

அக்கா செண்பகவல்லிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஆடி மாதத்திலிருந்து பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். இந்த மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் துணைக்கு நான், ஞாயிற்றுக்கிழமை அத்தான். துணைக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வேண்டும். நான்கு மணி நேரம். சுவரில் ஒரு டி.வி. அதில் ஒரு பென் டிரைவ் சொருகியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தவசிக்கனி அண்ணாச்சியுடையது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பென் டிரைவ் முழுக்க யாரும் கேள்விப்பட்டிராத பேய்ப் படங்கள்.

இன்றைக்கு ‘கிணத்தடி மோகினி’. கிணற்றிலிருந்து வெள்ளைச் சேலையில் பேய் எழுந்து வருகிறது. கையில் வாட்ச். காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. நேரம் நள்ளிரவாம். பின்னால் வயலில் ஒருவர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடு பத்திக்கொண்டு போகிறார். வார்டே சிரிக்கிறது. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் உள்ளே வந்துகொண்டிருக்கிற மனிதர்கள், வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அக்காவும்தான்.

"ஏல நம்பி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? சாம்பார்ல கரப்பான் கெடந்த மாதிரி."

"இதையெல்லாம் எப்படிக்கா பாக்க?"

"கண்ணாலதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்று ‘வவ்வால் வளவு’. வவ்வாலைக் கட்டியிருந்த நூல் தெரிந்தது. அது பரவாயில்லை. நூலைப் பிடித்திருந்தவனுடைய கையும் தெரிந்தது.

இந்த வார்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். படத்தில் பிசகு எதையாவது முதலில் கண்டுபிடிக்கிறவர் ஊசி குத்தாத கையைத் தூக்கி "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். நர்ஸ் செலின் ஒரு எவர்சில்வர் டம்ளரிலிருந்து ஒரு ஐஸ் கட்டி எடுத்து அவர் வாயில் போடுவாள். சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அக்கா சொன்னாள். இவர்கள் யாரும் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளவு. மீறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் கால் மணி நேரம் தாகம் தெரியாதாம்.

அதற்காக இவ்வளவு கேவலமான படத்தைப் பார்க்க வேண்டுமா? ஐஸ் கட்டியைச் சும்மாவே கொடுக்கலாமே என்று செலினிடம் கேட்டேன்.

"சும்மா குடுத்தா மருந்து ஸார். ஜெயிச்சு வாங்குனா ஐஸு" என்றாள்.

எந்தத் தண்ணீரில் உறைய வைத்த ஐஸ் என்று கேட்டேன். காய்ச்சி ஆறவைத்ததுதானாம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

என் மனைவி பாகீரதி தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள். "மைனிக்கு டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் புதுசா சொல்லல."

உண்மையில் டாக்டர் சொன்னார். மாற்றுக் கிட்னிதான் வழி, கூடப் பிறந்தவர்கள் யாராவது முன்வந்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னார். அத்தானுக்குச் சர்க்கரை. அவர்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அவர் பொதுவாகத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை என்பது தற்செயல். ஊரில் பாதிப் பேருக்கு அந்த வகைதான்.

சாப்பிடும்போது பாகீரதி தானாக ஒன்று சொன்னாள். அவளுடைய ஆபீஸில் ஜோதி என்றொரு பெண். அவளுடைய அண்ணன் யாருக்கோ கிட்னி கொடுத்தாராம். இப்போது நன்றாக இருக்கிறாராம், பைக்கெல்லாம் ஓட்டுகிறாராம். எதற்காக என்னிடம் இதைச் சொல்கிறாள்? யோசித்துப் பார்த்தால் நாசூக்காகத் தடுக்கிறாள் என்றுதான் படுகிறது. பைக் என்ற சொல்லை ஒரு மாதிரி அழுத்திச் சொன்னாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

நானாகச் செய்யவில்லை. வாய் தவறி வந்துவிட்டது.

‘கல்லறையில் கலியாணம்’ என்று ஒரு கண்றாவி. மாப்பிள்ளைப் பேய் கழுத்தைக் கடிக்கிறது, ரத்தம் வழிகிறது. எல்லோரும் தக்காளி சாஸ் என்று சிரிக்கிறார்கள். தொழில்காரனுக்குப் பொறுக்குமா? "சாஸ் இல்ல, கேசரிப் பவுடர். சாஸ் இப்படி ஓடாது, திப்பி திப்பியா நிக்கும். இது தண்ணியில கரைச்சது, ஓரத்துல மஞ்சள் பிரியுது பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

தவசிக்கனி அண்ணாச்சி கட்டிலில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ஆபீசர் தம்பி பிடிச்சாச்சு!"

செலின் டம்ளரோடு வந்தாள். எனக்கு எதற்கு ஐஸ்? அக்கா வாயைத் திறந்து காட்டினாள். போட்டேன்.

அசிங்கமான விளையாட்டு. அந்தக் கேசரிப் பவுடர் அனுமதிக்கப்படாத நிறமி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

கொழுக்கட்டை மிச்சத்தை அக்கா வீட்டுக்குக் கொடுக்கப் போனபோது அத்தான் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிப்போனார். சங்கரபாண்டியன் என்றால் டவுனில் குழாய்ச் சாமான் வாங்குகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். கடையில் அதிர்ந்து பேசுகிற மனுஷன். என்னிடம் பேச அவருக்குக் குரலே வரவில்லை.

"மாப்ள, எப்படிக் கேக்கதுன்னு தெரியல. எனக்கு சுகர் இல்லன்னா ஒன்னைத் தேடி வந்திருக்கவே மாட்டேன்."

பாகீரதி சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எந்த மனைவி சம்மதிப்பாள்? கேட்டுப் பார்க்கவே தேவையில்லாத விஷயங்கள் என்று சில உண்டு.

கொழுக்கட்டைப் பூரணம் லேசாகப் புளித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

மெஷினில் போட்டதும் அக்கா கேட்டாள். "பாகீரதி வேண்டாம்னுட்டாளாம்லா?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, படத்தப் பாரு" என்றாள்.

படத்தில் பேய் ஓடும்போது தலைமுடி கழன்று முள்செடியில் மாட்டிக்கொண்டது. அவர்கள் நிறுத்தாமல் மொட்டைப் பேயை வைத்தே மிச்சக் காட்சியை எடுத்திருந்தார்கள். நான்தான் முதலில் பார்த்தேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று எல்லா ஐஸும் எனக்கே. அக்காவுக்குத்தான் கொடுத்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அக்டோபர் 6, வெள்ளி

காலில் சதை பிடித்துக்கொண்டு அக்கா கத்தினாள். செலினும் நானும் பாதத்தைப் பிடித்து அழுத்தினோம். பிடிப்பு விடப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஓடிப்போன காட்சியைப் பின்னால் கொண்டுவரச் சொல்லி அக்காவே கேட்டாள். பேய் பிரியாணி சாப்பிடுகிற காட்சி. கண் கலங்கியிருக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். இவளைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

தவசிக்கனி அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். உலகத்தில் நல்ல படமா இல்லை, ஏன் இந்தக் கழிவு?

"தம்பி, இந்தப் பேயைப் படம் பிடிச்சவன் விளையாட்டுக்கா பிடிச்சான்? நம்மள மெரட்டிரணும்னுதான் பாடுபட்டிருக்கான். அவனால முடியல. பேய் தோத்துப்போச்சு பாருங்க, அதப் பாக்கதுலதான் சொகமே. வேணும்னே காமெடியா எடுத்த பேய்ப் படம் எங்களுக்கு ஆகாது. அது நடிப்பு. இது நெசமான தோல்வி."

ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார். கெட்டுப்போனதைத் தின்று பழகியவனுக்கு அதுவே ருசி என்று என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். பழைய எண்ணெயில் பொரித்த சிக்கனைத்தான் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். புது எண்ணெயில் பொரித்துக் கொடுத்தால் வாசனை இல்லை என்பார்கள். ஒரு தடவையாவது நல்லதைக் கண்ணில் காட்டினால்தானே வித்தியாசம் தெரியும்?

ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் இன்னொரு அலுவலர் படம் சேகரிக்கிற ஆள். அவரிடம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

"டாக்டரைப் போய்ப் பாத்தீங்களா?" என்றாள் பாகீரதி.

"தீபாவளி முடியட்டும். இனிப்புக் கடை சோதனைக்கே நேரம் பத்தல."

அவள் கொலுவில் பொம்மைகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 27, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

படத்தை நான்தான் கொண்டுபோனேன். வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. படம் சேகரிக்கிற அந்த அலுவலர் நல்ல படம் என்று சத்தியம் செய்து கொடுத்தது. ஒரு வீடு, ஒரு அம்மா, மாடியில் மூடிய ஒரு அறை. அவ்வளவுதான். பேயே கிடையாது. ரத்தம் கிடையாது. அந்த அம்மா தினமும் மாடிப்படியில் நின்று அந்தக் கதவைப் பார்க்கிறாள். உள்ளே யாரோ படுக்கையில் புரள்கிற சத்தம் கேட்கிறது.

தொடக்கத்தில் அண்ணாச்சி இரண்டு தடவை கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் தானே இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை. பிசகு என்று ஒன்றுமே இல்லை. நான் பெருமையாக வார்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இவர்களுக்கும் ருசி தெரியும், காட்டத்தான் ஆளில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கதவு மெல்லத் திறக்க ஆரம்பித்தது. அப்போது கடைசிக் கட்டிலில் மெஷின் கத்தியது. அடுத்து அண்ணாச்சியின் மெஷின். அடுத்தது அக்காவுடையது. ஊசி ஏறிய கையை யாராவது இறுக்கினால் ரத்தம் ஓடுகிற வழி அடைபட்டு மெஷின் அலாரம் அடிக்கும். எல்லோரும் பயத்தில் கையை முறுக்கியிருக்கிறார்கள். செலின் கட்டில் கட்டிலாக ஓடுகிறாள். "கைய நீட்டுங்க, கைய தளர விடுங்க." மூலையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏசுவே ஏசுவே என்கிறார். எழுந்து ஓடவும் முடியாது அவர்களால். ஒவ்வொருவரும் குழாயால் கட்டப்பட்டிருக்கிறார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிப்பாட்டுல!" அக்கா அலறினாள்.

ரிமோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், தட்டிவிட்டாள்.

"நெசப் பயம் எங்கிட்டயே நெறைய கெடக்குல. நீ வேற வெளிநாட்டுலருந்து கொண்டாரணுமா? படுத்தா மூச்சு நின்னுருமோன்னு உக்காந்தே கெடக்கேன். பிள்ள பரீட்சை எழுதுத வரைக்குமாவது இருப்பேனான்னு தெரியல. அந்தக் கதவுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அதப் படத்துல பாக்கணுமா நான்? இங்க வந்தா செருப்புப் போட்ட பேயப் பாத்து நாலு மணி நேரம் சிரிக்கேன். அது ஒனக்குப் பொறுக்கலையா?"

அண்ணாச்சிதான், "விடும்மா, தம்பி நல்லதுன்னு நெனச்சுதானே" என்றார்.

என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அக்கா பயந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே பயம் இல்லாதவள் என்று அவளை நினைத்திருந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

யாரும் என்மேல் கோபமாக இல்லை. அது இன்னும் மோசம். அண்ணாச்சி பழைய ‘கிணத்தடி மோகினி’யையே போடச் சொன்னார். எல்லோருக்கும் எல்லாப் பிசகும் தெரியும். இருந்தும் கையைத் தூக்கினார்கள், செலின் ஐஸ் கொடுத்தாள். அக்கா சிரித்தாள், ஆனால் சத்தம் வரவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்காவுக்கு இருதயம் வீங்க ஆரம்பித்திருக்கிறதாம். "இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். இந்தத் தடவை பொதுவாகச் சொல்லவில்லை. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நவம்பர் 2, வியாழன்

மிட்டாய்க் கடைகளில் சோதனை. ஒரு பட்டறையில் ஜீராப் பானைக்குள் எறும்பு மிதந்தது. வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தான். வழக்கமாகக் கத்துவேன். இன்று கத்த முடியவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

உப்பில்லாமல் ரவை உப்புமா செய்து பாகீரதி அக்காவுக்கு எடுத்து வந்தாள். நாங்கள் போனபோது அக்கா இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை, உள்ளே படுத்திருந்தாள். வாசலில் அத்தான் நின்றார். எப்போதும் "வாம்மா தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். இன்று, "அங்கன வச்சிட்டுப் போங்க, அவ தூங்குதா" என்றார். ‘வாம்மா’ போய் ‘போங்க’. பாகீரதி பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டாள். "அண்ணனுக்கு என்ன கோவம்? நான் என்ன செஞ்சேன்?"

"கடையில ஏதாவது பிரச்சனையா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் முகம் திருப்பியதில்லை என்றாள். நான் முன்னறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

எழுந்து போகவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 7, செவ்வாய்

அக்கா படம் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். பிறகு யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, அதிரசத்தைக் கையில் எடுத்தேன். இறங்கவில்லை. பாகீரதி எதிரில் நின்று, "நல்லால்லையா?" என்றாள்.

சொல்லிவிட்டேன். நீ சம்மதிக்கவில்லை என்று அத்தானிடம் சொன்னேன், அக்காவிடமும் சொன்னேன், அதனால்தான் அவர் உன்னிடம் பேசவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கிட்ட எப்ப கேட்டீங்க?"

"கேக்கல."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா? ஒங்களுக்கு வந்த பயத்த எதுக்கு எம்பேர்ல எழுதி வச்சீங்க?"

அவள் தொடர்ந்தாள்.

"ரெண்டு மாசமா அந்த மனுஷன் என்ன ஒரு பொம்பளையாவே மதிக்கல. மைனி சாகட்டும்னு நெனைக்கவன்னு நெனச்சிருக்காரு. அவருட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

தெருவில் சரவெடி. பிள்ளைகள் கத்துகிறார்கள். அழுக்கான சமையலறைகளை மூடச் சொல்லி எத்தனையோ நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு. எனக்குள் இருந்ததற்கு ஒரு நாள்கூட மூக்கைச் சுளிக்கவில்லை.

பயம்தான். கத்தி வைப்பார்கள் என்ற பயம். மிச்சமிருக்கும் ஒன்றும் பழுதானால் என்ன செய்வது என்ற பயம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்கமாட்டேன் என்ற பயம். எழுதிவிட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

காலையில் டாக்டரிடம் போனேன். கிளம்பும்போது பாகீரதியிடம், "பயமா இருக்கு, கூட வாரியா?" என்று கேட்டேன். நான் செருப்பைத் தேடுவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். ஆனால் வழியெல்லாம் பேசவில்லை.

டாக்டர் பொறுமையாக எல்லாம் சொன்னார். என் உடம்பு முழுக்கச் சோதித்த பிறகுதான் முடிவாம், எனக்குக் கெடுதல் என்றால் அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்களாம், எந்த நிமிஷமும் நான் மாட்டேன் என்று சொல்லலாமாம். ரத்தம் எடுத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். எழுந்தபோது பாகீரதியின் மடியில் தலை இருந்தது. "மூஞ்சியைப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அங்கிருந்து நேரே அத்தான் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லாவை வேலைக்காரரிடம் விட்டுவிட்டு, "தங்கச்சி வீட்ல இருக்காளா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பாகீரதி சொன்னாள். வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினாராம். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். சர்க்கரை இல்லாமல்.

மத்தியானம் அக்காவிடம் சொல்லலாம் என்றுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் அசந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லை. மனமில்லை என்பதும் பொய். தைரியமில்லை.

நவம்பர் 17, வெள்ளி

‘ரத்தம் கேட்கும் ரயில்வே கேட்’. அக்காதான் போடச் சொன்னாள். ரயில் பேய்மீது ஏறுகிறது. அட்டையில் செய்த ரயில். ஒருவன் உள்ளே நின்றுகொண்டு தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அவன் கால் தெரிகிறது. வார்டு சிரித்தது. அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன்.

"அக்கா, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டேன். ஒத்து வந்தா நான் தாரேன்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாகீரதி?"

"அவ வேண்டாம்னே சொல்லலக்கா. நான் அவட்ட கேக்கவே இல்ல. நானாச் சொன்ன பொய்."

"தெரியும்."

"அத்தான் சொல்லிட்டாரா?"

"அவரு இப்பச் சொன்னாரு. எனக்கு ஆவணியிலேயே தெரியும்."

எனக்குப் புரியவில்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஒரு நாள் ஆபீஸ்ல பெர்மிஷன் போட்டுட்டு பாகீரதி தனியா வந்தா. இதே ஸ்டூல்லதான் உக்காந்தா. மைனி, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு, அவங்க கண்டிப்பா குடுப்பாங்க, வீட்ட நான் பாத்துக்கிடுதேன், நீங்க கவலப்படாதீங்கன்னு என் கையப் பிடிச்சு அழுதுட்டுப் போனா. அவளாச் சொல்லிக்கிட்டா நீ சங்கடப்படுவன்னு ஒங்கிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. நீயாச் சொல்லணும்னு அவளுக்கு ஆச. அடுத்த மாசம் நீ வந்து அவ வேண்டாம்னுட்டான்னு சொல்லுத."

மொட்டைப் பேயையும் மற்றப் பிசகுகளையும் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு இவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை நாளும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பவே என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா நீ இங்க வாரத நிப்பாட்டியிருப்ப."

அவள் சொன்னது சரி. வந்திருக்கமாட்டேன்.

"அத்தான்ட்டயும் அதான் சொல்லல. அவரு ஒன்ன வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. பாகீரதிக்குத்தான் நான் பாவம் செஞ்சிட்டேன், நேத்து ஃபோன்ல மன்னிப்புக் கேட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ குடுக்காட்டாலும் போகட்டும்னு இருந்தேன்ல. செவ்வாயும் வெள்ளியும் நீ வந்து பக்கத்துல உக்காந்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு இருந்தா போதும்னு இருந்தது."

மாஸ்க்குக்குள் அழுவதைப்போல அருவருப்பான காரியம் இன்னொன்று இல்லை. மூக்கு ஒழுகி வாய்க்குள் வருகிறது, துணி முகத்தோடு ஒட்டுகிறது, துடைக்கவும் வழியில்லை. அக்கா ஊசி குத்தாத கையை நீட்டி என் தலைமேல் வைத்தாள். அண்ணாச்சி பார்க்காதவர் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செலின் புது மாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.